ஜெப் ஹோல்கமின் முழங்கை

ஆர்டிஸ் கெம்புக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. காபியை ஊற்றிக் குடிக்காமலே வைத்துவிட்டாள். கார் சாவியை வைத்த இடம் மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினாள். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்காரும் வேலை அவளுக்கு. அன்று வரமாட்டேன் என்று போன் செய்தபோது டாக்டர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பேஸ்பால் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ள அதுதான் கடைசி நாள் என்பது கால்டன் ஊரில் டாக்டருக்கும் தெரியும், குப்பை அள்ளுகிறவனுக்கும் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்குள் பெரிய அணிகள் யாரை யாருக்குக் கொடுக்கின்றன என்று முடிவாகிவிடும்.

கால்டன் ஹெரான்ஸ், பெரிய அணி ஒன்று பையன்களைப் பழக்க வைத்திருக்கிற சின்ன அணிதான். அதில் ஆடுகிற பையன்கள் எல்லாம் ஒருநாள் மேலே, பெரிய அணிக்குப் போவோம் என்று ஆடுகிறவர்கள். அவர்களில் பந்து வீசுகிறவனான ஜெப் ஹோல்கம், ஏப்ரல் மாதத்திலிருந்து ஆர்டிஸின் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தான். ஊர்க்காரர்கள் இப்படி ஆளுக்கொரு பையனை வீட்டில் வைத்துச் சோறு போடுவது அங்கே வழக்கம். அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்குள் பார்த்ததை வெளியே பேசக் கூடாது.

ஆர்டிஸ் எத்தனையோ பையன்களை வைத்திருந்தாள், ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவள் இதில் மட்டும் எப்படி வாயைப் பூட்டிக்கொண்டாள் என்பது அவளுடைய கணவன் லைலுக்கே ஆச்சரியம்.

மைதானத்துக்கு எதிரே டூலியின் மதுக்கடை. பகல் ஆட்டம் இருக்கிற நாட்களில் டூலி காலையிலேயே கதவைத் திறந்து, முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் போடுவான். ஆர்டிஸ் உள்ளே நுழைந்தபோது வின்ஸ் பெட்ரோஸ்கி அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லா நாய்க்கும் அவரைத் தெரியும், எல்லா வீரனின் புள்ளிவிவரமும் அவருக்குத் தெரியும்.

"எழுந்திரு வின்ஸ், அது என் இடம்."

"பேர் எழுதியிருக்கா?"

"எழுதணுமா? முள்கரண்டி இருக்கு கையில."

வின்ஸ் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். "இன்னிக்கு உன் வீட்டுப் பிள்ளையை வித்துடப் போறாங்க, தெரியுமில்ல? ரேடியோவுல சொல்லிட்டான். ஹோல்கமைக் கொடுத்துட்டு குயின்டேரோவை வாங்கறாங்களாம்."

"ரேடியோக்காரன் போன வாரம் மழை வரும்னும் சொன்னான்."

"குயின்டேரோ யாருன்னு தெரியுமா ஆர்டிஸ்? கடைசி இன்னிங்ஸ்ல வந்து நின்னா எதிராளி மட்டையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான். நம்ம பெரிய டீம்ல இந்த வருஷம் என்ன நடக்குது? எட்டு இன்னிங்ஸ் ஜெயிச்சுக்கிட்டே வர்றோம், ஒன்பதாவதுல யாரோ ஒரு தண்டம் வந்து தாரை வார்த்துட்டுப் போறான். என் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கூட்டினதே அவனுங்களாலதான்."

"அதுக்காக இருபத்தோரு வயசுப் பையனைத் தூக்கிக் கொடுப்பியா? இப்படித்தான் அன்னிக்கு லோமாக்ஸைக் கொடுத்தீங்க. இன்னிக்கு அவன் எங்க இருக்கான்? எவனுக்கோ கோப்பை வாங்கிக் கொடுத்துக்கிட்டிருக்கான்."

"லோமாக்ஸ் ஒருத்தன். கொடுக்காம பத்திரமா வெச்சிருந்து வீணாப் போனவங்க பேரையும் சொல்லேன். ஸ்டக்கி? பெரியவனாகி எல்லாரையும் சாய்ச்சுடுவான்னு நீதான் சொன்னே. இப்போ டயர் கடையில இருக்கான்."

டூலி தட்டைக் கொண்டுவந்து வைத்தபடி, "நல்ல டயர்தான் போடறான்," என்றான்.

கடை சிரித்தது. ஆர்டிஸ் சிரிக்கவில்லை. மூன்று நாள் முன்னால் காலையில் பார்த்தது அவள் கண்ணிலேயே நின்றது. ஜெப் சமையலறையில் நின்று பால் டப்பாவை இடது கையால் தூக்கினான். வலது கைக்காரன். பால் கிண்ணத்தில் பாதி, மேசையில் பாதி. அவள் பார்த்துவிட்டதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப்போனது.

"மேம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முழங்கையில கொஞ்சம் வலி. தானா சரியாயிடும்."

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா. சொன்னா ஊசி, ஸ்கேன்னு உட்கார வெச்சுடுவாங்க மேம். போன வருஷம் என் ரூம்ல இருந்தவன் சொன்னான். ஆபரேஷன் பண்ணாங்க. அப்புறம் கடுதாசி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. சத்தியம் பண்ணுங்க மேம்."

ஓக்லஹோமாவில் கோழிப்பண்ணை வேலைக்காரர்களின் பிள்ளை. மேம், சார் சேர்க்காமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல ஆர்டிஸுக்கு மனசு வரவில்லை. சத்தியம் செய்தாள். செய்த நிமிஷத்திலிருந்து, செய்திருக்கக் கூடாதோ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏனென்றால் இதே வலியை மறைத்த இன்னொருவனையும் அவள் வைத்திருந்தாள், டஸ்டின் என்று. ஒருநாள் ஒரு பந்து வீசும்போது உள்ளே நரம்பு அறுந்தது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவான். இடது கையால் எழுதிய எழுத்து.

லைலிடம் மட்டும் சொன்னாள். பேஸ்பால் என்றாலே கொட்டாவி விடுகிற மனுஷன் அவர். "பயிற்சியாளர்கிட்ட சொல்லிடு ஆர்டி," என்றார். "சத்தியம் பண்ணியிருக்கேனே" என்றாள். "அப்போ என்கிட்ட ஏன் சொன்னே?" என்று கேட்டுவிட்டுப் புல் வெட்டப் போய்விட்டார்.

"சரி, உன் ஹோல்கமுக்கே வருவோம்," என்றார் வின்ஸ். உருளைக்கிழங்கை விரலால் எடுத்து ஆட்டி ஆட்டிப் பேசினார். "மே மாசம் தொண்ணூத்தாறு மைல் வேகத்துல போட்டான். நானே எழுந்து நின்னு கை தட்டினேன். போன ரெண்டு ஆட்டத்துல தொண்ணூத்தொண்ணு. எங்க போச்சு அந்த அஞ்சு மைல்?"

"குளிர் காத்து அடிச்சுது."

"ஜூலையிலயா?"

"பந்து பிடிக்கிற கேட்சர் புதுசு. அவன் மெதுவான பந்தையே போடச் சொல்றான்."

"மெதுவான பந்து கேட்டா வேகப்பந்து எப்படிக் குறையும்? நீயா பேசறே இப்படி? போன வருஷம் இதே சாக்கை நான் சொன்னப்போ என்னை உரிச்சுத் தொங்கவிட்டே."

அது உண்மைதான். ஆர்டிஸுக்குக் காது சூடேறியது. சொத்தை வாதத்தை வைத்துக்கொண்டு வின்ஸிடம் தோற்பதைவிட அவளுக்குக் கேவலம் வேறில்லை. நாற்காலியில் ஒருமுறை முன்னால் நகர்ந்தாள், பின்னால் நகர்ந்தாள்.

"நான் சொல்லட்டுமா என்னன்னு?" என்றார் வின்ஸ். "கொழுப்பு. பேப்பர்ல படம் வந்துடுச்சு, பொண்ணுங்க கையெழுத்து கேட்கறாங்க. பய உடம்பை வளைக்க மாட்டேங்கறான். மனசுல தில்லு இல்ல. சோம்பேறி."

"சோம்பேறியா? அவனா?"

"பின்னே? நல்லா சாப்பிட்டுட்டு உன் வீட்டு சோபாவுல..."

"காபிக் கோப்பையைத் தூக்க முடியலைய்யா அவனால! பல்லைக் கடிச்சுக்கிட்டு உனக்காகப் பந்து போடறான், சோம்பேறிங்கறே!"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோஜனம்? டூலி துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தான். இத்தனை வருஷம் காத்த வாய், ஒரு கிழவனிடம் வாதத்தில் ஜெயிக்கிறதற்காகத் திறந்துகொண்டது. தன்னையே ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

வின்ஸ் மெல்லச் சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் முகத்தில் பரிதாபம் வரும் என்று ஆர்டிஸ் எதிர்பார்த்தாள். வந்தது வேறு.

"முழங்கையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அவள் தட்டைப் பார்த்தாள். அதுவே பதிலாகிவிட்டது.

"அப்போ இன்னிக்கே வித்தாகணும்! நாலு மணிக்குள்ள! குயின்டேரோவோட டீமுக்குத் தெரியறதுக்குள்ள!" வின்ஸ் மேசையை ஓங்கித் தட்டினார். "ஒடைஞ்ச பையனைக் கொடுத்துட்டு குயின்டேரோ! ஆர்டிஸ், இதைவிட நல்ல வியாபாரம் நம்ம டீம் வாழ்நாள்ல பண்ணதில்ல!"

"நீ மனுஷனா வின்ஸ்?"

"நான் ரசிகன்! இங்க பாருங்கப்பா, யாரும் மூச்சு விடக்கூடாது. அவங்க ஆளுங்க இன்னிக்கு வேகம் அளக்கற கருவியோட வந்து உட்கார்ந்திருப்பாங்க. பையனைத்தான் பார்க்க வர்றாங்க. நாம என்ன பண்றோம்னா, அவன் ஒவ்வொரு பந்துக்கும் மைதானம் இடியற மாதிரி கத்தறோம். சத்தம் கேட்டா வலியை மறந்து போடுவான். அவ்வளவுதான், வாங்கிட்டுப் போயிடுவாங்க."

"கையைச் சோதிச்சுப் பார்த்துதானே வாங்குவாங்க?" என்றான் டூலி.

"எங்க நேரம் இருக்கு? டாக்டர் எழுதின பேப்பரைப் பார்ப்பாங்க. பேப்பர்ல அவன் ஆரோக்கியமாத்தானே இருக்கான்." வின்ஸ் ஆர்டிஸின் தோளில் கை வைத்தார். "நீ கவலையே படாதே. உன் ரகசியம் எங்ககிட்ட பத்திரம்."

யாராவது வெளியே சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவளுக்கு, யாரும் சொல்லப் போவதில்லை என்பது அதைவிடப் பெரிய பயமாகிவிட்டது.

மைதானத்தில் வெயில் கொளுத்தியது. வின்ஸ் சொன்னபடியே கேட்சருக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம், மூன்று பேர் ஓலைத் தொப்பியும் வேகம் அளக்கும் கருவியுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெப் பந்து வீசும் மேட்டில் ஏறி நின்றதும், வின்ஸின் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. டூலி பெரிய பீர் வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத் தட்டினான். விஷயம் தெரியாத மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"ஹோல்கம்! ஹோல்கம்!"

பையன் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தான். இந்த ஊர் இதுவரை அவனுக்காக இப்படிக் கத்தியதில்லை. அவன் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு வந்துபோனது. அதைப் பார்த்ததும் ஆர்டிஸுக்கு அழுகை முட்டியது.

முதல் பந்து தொண்ணூற்றிரண்டு என்று பலகையில் வந்தது. சத்தம் ஏறியது. தொண்ணூற்று மூன்று. இரண்டாவது இன்னிங்ஸில் தொண்ணூற்றைந்து. மட்டைக்காரர்கள் காற்றை அடித்துவிட்டுத் திரும்பினார்கள். ஓலைத் தொப்பிகள் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்துக்கொண்டன. ஒருவன் எழுந்து போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனான்.

"முடிஞ்சுது! வாங்கிட்டான்!" வின்ஸ் துள்ளினார்.

ஆர்டிஸ் பலகையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் அவன் அந்தக் கையைக் கீழே தொங்கவிட்டு விரல்களை உதறுவதைப் பார்த்தாள். டஸ்டினும் இப்படித்தான் உதறினான். அன்றைக்கு அவள் அதைப் பார்த்துக்கொண்டே நிலக்கடலை தின்றாள்.

அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பேசாமல் இருந்தால் சாயங்காலம் அவன் விலை போய்விடுவான். அவனுக்கும் அதுதானே ஆசை? பெரிய மைதானம், அம்மா அப்பா டீவியில் பார்ப்பார்கள். அதைக் கெடுக்க நான் யார்? பெற்றேனா, வளர்த்தேனா? நாலு மாதம் முட்டை பொரித்துப் போட்டதுதானே? சத்தியம் வேறு. ஆனால் அங்கே போனால் முதல் நாளே மேடேற்றுவார்கள். இன்னும் பெரிய கூட்டம், இன்னும் பெரிய சத்தம். மறந்து போடுவான்.

மூன்றாவது இன்னிங்ஸ். தொண்ணூற்றாறு. மைதானம் அதிர்ந்தது. ஜெப் மேட்டிலிருந்து இறங்கி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்தான். கட்டவில்லை. அவன் தோள் குலுங்குவதை ஆர்டிஸ் பார்த்தாள்.

அவள் படியிறங்கி ஓடினாள். முட்டிவலிக்காரி ஓடுகிற ஓட்டம்தான். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஹெரான்ஸை ஆட வைக்கும் மேனேஜர் டெல் ரிக்கர்ட் சாய்ந்து நின்ற பக்கமாகக் கத்தினாள்.

"ரிக்கர்ட்! அவனை வெளியே எடு!"

ரிக்கர்ட் திரும்பவேயில்லை. சூயிங்கம் மென்றபடி ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். "மூணாவது இன்னிங்ஸ்தான் ஆர்டிஸ். அடுத்த மாசம் எடுக்கறேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? வருஷக்கணக்காக ஒவ்வொரு ஆட்டத்திலும், நல்லாப் போடுகிறவனையும் மோசமாகப் போடுகிறவனையும், அவனை எடு இவனை எடு என்று கத்தித் தொண்டை கிழித்தவள் அவள்தான். அவளுடைய கத்தல் அந்த மைதானத்தில் ஐஸ்காரன் மணி மாதிரி. யாரும் அதை வார்த்தையாகக் கேட்பதே இல்லை.

"ஐயோ, நான் விளையாடல ரிக்கர்ட்!"

"நானும்தான்!" என்றார் அவர். மறுபடி சிரிப்பு.

மேட்டில் ஜெப் நிமிர்ந்து பந்தைக் கையில் உருட்டினான். அடுத்த பந்துக்குத் தயாராகிவிட்டான். மேலேயிருந்து வின்ஸ், "ஆர்டிஸ், வாயை மூடு!" என்று அலறினார்.

"பாலை இடது கையால ஊத்தறான் ரிக்கர்ட்!" அவள் கம்பியைக் குலுக்கினாள். "காலையில தலை வார முடியல அவனால! கையை மேல கொண்டுபோக முடியல! என் வீட்ல இருக்கான், என் கண்ணால பார்த்தேன்! அவன் முழங்கை போச்சு!"

சிரிப்பு நின்றது. வாளிச் சத்தம் நின்றது. ரிக்கர்ட் இப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார். வீட்டில் பார்த்ததை ஆர்டிஸ் கெம்ப் வெளியே பேசமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். நடுவரிடம் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மேட்டை நோக்கி நடந்தார்.

அவர்கள் பேசியது கேட்கவில்லை. ஜெப் வேகமாகத் தலையாட்டி மறுப்பது தெரிந்தது. சிரிக்கக்கூடச் செய்தான். ரிக்கர்ட் தன் வலது கையை மடக்கி, விரலால் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். நீ தொடு, என்றார். குழந்தைகூடச் செய்யும்.

ஜெப் கையை மடக்கினான். பாதி வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னும் மடக்கினான். விரல் தோளுக்கு எட்டவில்லை. ஒரு சாண் இடைவெளியில் நடுங்கிக்கொண்டு நின்றது. மைதானமே அந்த விரலைப் பார்த்தது. ரிக்கர்ட் அவன் கையுறையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டார்.

ஓலைத் தொப்பிகள் மூவரும் பையைக் கட்டினார்கள். ஜெப் போகிற வழியில் கம்பியருகே ஒரு நிமிஷம் நின்றான். ஆர்டிஸை நேராகப் பார்த்தான். மேம் என்றுகூடச் சொல்லவில்லை.

நாலு மணிக்கு முன்பே ரேடியோ சொல்லிவிட்டது, குயின்டேரோ வேறு ஊருக்குப் போகிறான் என்று. வெளியே நிறுத்தியிருந்த காரருகில் வின்ஸ் அவளுக்காகக் காத்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"ரெண்டு மணி நேரம். ரெண்டே ரெண்டு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலையா உன்னால?"

"முடியல."

"இந்த வருஷக் கோப்பையை நீ தாரை வார்த்துட்டே."

"வார்த்துட்டேன் போ. இருக்கற தண்டத்தையே ஒன்பதாவது இன்னிங்ஸ்ல நிக்க வெச்சுப் பாரு."

வின்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "விரல் எட்டவே இல்ல, பார்த்தியா?" என்றார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

வீட்டில் ஜெப்பின் பைகள் வாசலில் இருந்தன. பெரிய அணியின் டாக்டர்களிடம் அன்றைக்கே அழைத்துப் போக அணியின் வண்டி வருகிறது என்றார் லைல். வழியில் காலர் வைத்த முழுக்கைச் சட்டைதான் போட வேண்டும் என்பது அணியின் விதி. சமையலறையில் ஜெப் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். முன் பொத்தான்களை எல்லாம் லைல் போட்டுவிட்டிருந்தார். மணிக்கட்டில் இரண்டு பக்கமும் சட்டை திறந்து தொங்கியது.

ஆர்டிஸ் பையை மேசைமேல் வைத்தாள்.

"நீங்க சத்தியம் பண்ணீங்க," என்றான்.

"பண்ணேன்."

"அவங்க என்னை வாங்கறதா இருந்தாங்க. அம்மாகிட்ட காலையிலயே சொல்லிட்டேன் நான். அவங்க தெருவெல்லாம் சொல்லிட்டாங்க." அவன் வாசல் பக்கம் பார்த்தான். "உங்களை என்னால மன்னிக்கவே முடியாது."

"மன்னிக்க வேண்டாம். கையை நீட்டு."

வெளியே வண்டியின் ஹார்ன் கேட்டது. அவன் இடது கையை நீட்டினான். அந்தப் பக்கப் பொத்தானைப் போட அவனுக்கு வலது கை வேண்டும், அது முடியாது. ஆர்டிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துளையைத் தேடிப் போட்டுவிட்டாள்.

வலது பக்கத்துப் பொத்தானை அவனே இடது கையால் போட்டுக்கொள்ளலாம். ஆர்டிஸ் பின்னால் நகர்ந்தாள். ஜெப் பைகளைப் பார்த்தான், லைலைப் பார்த்தான். பிறகு அந்தக் கையையும், நீட்ட முடிந்த வரைக்கும் மெதுவாக நீட்டினான்.

"இதையும் மேம்," என்றான்.